கிலோ கணக்கில் காக்கப்படும் கடல் அட்டை

சாக்கு மூட்டை, நாட்டுப்படகு, கைதான இரண்டு பேர், இத்தனை கிலோ, இத்தனை லட்சம். மண்டபம், வேதாளை, தொண்டி என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும், ராமநாதபுரம் கரையின் கடல் அட்டைச் செய்தி தயார்.

அந்த மூட்டைக்குள் இருப்பது பக்குவம் செய்த அட்டை. குடலை எடுத்து வேகவைத்து, ஓர் இரவு ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். தோல்மேல் இருக்கும் சுண்ணாம்புப் படலம் இளகிவிடும். தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து வெயிலில் காயப்போட்டால், பத்துக் கிலோ பச்சை அட்டை ஒரு கிலோ தேறுவதே பெரிது. காய்ந்த சரக்கு 100 கிலோ பிடிபட்டால், கடல் இழந்தது ஆயிரம் கிலோ. இந்தப் பெருக்கலைச் செய்தியில் யாரும் போடுவதில்லை.

மூன்று அங்குலத்துக்குச் சிறிய அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது 1982-ஆம் ஆண்டு விதி. 2001-ல் எல்லா இனமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலிக்கு இணையான காவல். சங்கு குளிக்கையில் அட்டையும் எடுத்து வந்தவர் குற்றவாளியானார். அக்கரையில், மன்னார், யாழ்ப்பாணம் பக்கம், உரிமம் இருந்தால் எடுக்கலாம், பண்ணையிலும் வளர்க்கலாம். இங்கே கடத்தல் பொருள் அங்கே போய்ச் சேர்ந்தால் ஏற்றுமதிச் சரக்கு.

தடையைத் தளர்த்தினால் மிச்சமும் போய்விடும் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் மிச்சம் எவ்வளவு? ஆண் அட்டையும் பெண் அட்டையும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரு கூடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிட்டால், ஒருவரும் தொடாவிட்டாலும் இனம் பெருகாது. பிடிபட்ட கிலோ கூடினால் காவல் இறுகியதா, கடலில் அட்டை பெருகியதா, கொள்ளை கூடியதா? மூன்றுக்கும் அதே புகைப்படம்தான்.

வெள்ளை அட்டைக்குஞ்சைப் பொரிக்க வைக்கும் வித்தை 1988-லேயே தூத்துக்குடியில் கைகூடியது. வளர்த்து விற்கவும் சட்டத்தில் வழியில்லாததால் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றது. போகட்டும், அது பெரிய வழக்கு. முதலில் கடலில் மிச்சமிருக்கும் அட்டையை அரசு எண்ணட்டும். வருடம் ஒருமுறை, அதே இடங்களில், சங்கு குளிக்கிறவர்களையே கூலி கொடுத்து இறக்கலாம். அட்டை எந்த மணலில் புதையும், எந்த நேரம் மேலே வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வழக்கு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.