அறுபட எடுக்கும் நேரம்

மண்டையோடு உடையவில்லை, உள்ளே ரத்தக்கட்டும் இல்லை. ஆனாலும் அடிபட்டவர்களுக்குப் புத்தி திரும்பவேயில்லை. அப்படியே கிடந்து செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட ஐந்து பேரின் மூளையை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து சபீனா ஸ்ட்ரிச் 1956இல் எழுதினார். வெளிப்பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் பிடிபட்டது: நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் அவை பரவலாக அழிந்திருந்தன.

அடி விழுந்த கணத்திலேயே இழைகள் இழுபட்டு அறுந்துவிட்டன என்றார் ஸ்ட்ரிச். அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் 1943இலேயே ஜெலட்டினால் மூளை செய்து சோதித்து, மூளையைக் குலைப்பது தலையின் திடீர்ச் சுழற்சிதான் என்று சொல்லியிருந்தார். கெட்டித் தயிர்க் கிண்ணத்தை வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். கிண்ணம் நின்றுவிடும், தயிர் நிற்காது, விரிசல் விடும்.

சில நாட்களில் இறந்தவர்களின் மூளையில், வெள்ளிச் சாயத்தில் இழை நுனிகள் கறுத்த உருண்டைகளாகத் தெரிந்தன. அறுந்த ரப்பர் சுருண்டுகொண்டதாக அன்று நினைத்தார்கள். அறுந்ததற்கு வைத்தியம் ஏது?

1980களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜான் போவ்லிஷாக் குழு, அடிபட்ட பூனைகளின் மூளையை மணிக்கணக்கு வைத்துப் பார்த்தது. பெரும்பாலான இழைகள் உடனே அறவில்லை! இழுபட்ட இடத்தில் கால்சியம் உள்ளே புகுகிறது. சரக்கு கொண்டுபோகும் நுண்குழாய்கள் நொறுங்குகின்றன. செல்லிலிருந்து சரக்கு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தேங்கி, புடைத்து, பல மணி நேரம் கழித்து அங்கேதான் அறுகிறது. அந்த உருண்டை, போக வழியில்லாமல் குவிந்த சரக்கு மூட்டை.

இன்று புரதச் சாயம் ஒன்று அந்தத் தேக்கத்தை இரண்டு மூன்று மணி நேரத்திலேயே காட்டிவிடும். ஆனால் அது இறந்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவருக்கு முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் பல நேரம் சுத்தமாகவே இருக்கும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, ஏன் இன்னும் முழிக்கல?" என்று வீட்டார் கேட்பதில் தப்பேயில்லை. எம்.ஆர்.ஐ. கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும்.

2013இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை அடிபட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைகளைப் பார்த்தார்கள். இரு பாதிகளையும் இணைக்கும் பாலம் மெலிந்திருந்தது. சிலருக்கு, அடிபட்டு 18 ஆண்டுகள் வரை ஆன பிறகும், இழைகள் இன்னும் அழிந்துகொண்டிருந்த தடயம் இருந்தது. ஆனால் இழை அறுவதற்கு முந்தைய அந்த முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்து இழையைக் காப்பாற்றும் என்று நிரூபணமான மருந்து ஒன்றுகூட இன்னும் வரவில்லை.