பத்து மணிக்கு ஏறும், நான்கு மணிக்கு இறங்கும்

“காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்களே, எவ்வளவு இறங்கினால் தாழ்வு?” என்று நாகப்பட்டினத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஐப்பசி பிறந்தாலே எல்லார் வாயிலும் புழங்கும் சொல் இது. அளவைத்தான் யாரும் சொல்வதில்லை.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். பழைய மில்லிபாரும் இதுவும் ஒன்றே, பெயர்தான் வேறு. பாதரசக் கணக்கில் 76 சென்டிமீட்டர். தாழ்வு என்பது சுற்றியுள்ள இடங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. சில ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே அது தாழ்வுதான். 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் 912 வரை இறங்கியது. பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே அத்தனை அழிவு!

எங்கள் கல்லூரி ஆய்வகச் சுவரில் ஃபார்ட்டின் பாரமானி ஒன்று தொங்கியது. அடியில் பாதரசத் தொட்டி. அதற்கு மேலே தந்தத்தில் செய்த ஊசி. திருகைத் திருகப் பாதரசம் மெல்ல ஏறும். ஊசிமுனையும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பமும் தொட்டும் தொடாமலும் சேர வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாரே, அப்படித்தான் நாங்களும் நிற்போம்.

காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. வெப்பத் திருத்தம் செய்த பிறகும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். “இரண்டும் சரி” என்றார் பேராசிரியர். அன்று பிடித்த வியப்பு இன்னும் விடவில்லை.

காற்றுக்கும் ஓதம் உண்டு. காலை பத்து, இரவு பத்து மணியளவில் அழுத்தம் ஏறும். மாலை நான்கு, விடியற்காலை நான்கு மணியளவில் இறங்கும். கடலோதத்தை எழுப்புவதில் நிலவுக்கே பெரும்பங்கு. காற்றோதத்தை எழுப்புவது வெயில். உயரத்திலுள்ள ஓசோனும் நீராவியும் சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடாவதால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கி வடியும் அலை எழுகிறது. குளிர்நாடுகளில் அன்றாட வானிலை மாற்றங்கள் இதை மறைத்துவிடும். நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் துல்லியமாகத் தெரியும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவில் பயணம் செய்த அறிவியலாளர் ஹம்போல்ட், பாதரசத்தைப் பார்த்தே ஏறக்குறைய கால் மணி பிசகுக்குள் நேரம் சொல்லலாம் என்று எழுதினார்.

இந்தத் தாளம் தப்பினால் கவனிக்க வேண்டும். அந்த மாதத்தில் அந்த நேரத்துக்கு வழக்கமான அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் விழிப்பாயிரு, 5 குறைந்தால் புயல் அருகில் என்று கொள் என்பது வெப்பமண்டலக் கடலோடிகளின் விதி.

அண்மையில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பாரமானி பீரோவுக்குள் தூசி படிந்து கிடந்தது. “பரீட்சைக்கு வராது சார்” என்றார்கள். புயல் வந்து போகும் கரையில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

ஆசிரியர்களே, அதை வெளியே எடுத்து மாட்டுங்கள். கருவி இல்லையென்றால், அழுத்தம் அளக்கும் உணரி உள்ள கைப்பேசி போதும். காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் ஒரு மாதம் பிள்ளைகளைக் குறித்துவரச் சொல்லுங்கள். அடுத்த முறை செய்தியில் ‘தாழ்வு’ என்று கேட்கும்போது, எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள்.