ஒரு பாகை விலகினால்

பணிமாற்றத்தில் தில்லிக்கு வந்த எங்களில் நால்வர், ஞாயிறுதோறும் காலையில் லாடோ சராயிலுள்ள குதுப் கோல்ஃப் மைதானத்தின் பயிற்சித் திடலுக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டோம். தில்லி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தமான இம்மைதானத்தில், உறுப்பினர் அல்லாதாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். நால்வருமே நாற்பதைக் கடந்தவர்கள். இளமையில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் எங்களுள் ஒருவரும் இலர். முதல் ஆறு மாதங்களில் எங்கள் பந்து ஒரு காரியத்தை மட்டும் தவறாமல் செய்தது. எழும்போது நேராகவே எழும். பாதித் தொலைவு கடந்ததும் யாரோ அழைத்தாற்போல வலப்புறம் வளைந்து புதருக்குள் மறையும். ஆட்டக்காரர்கள் இதனை ஸ்லைஸ் என்பார்கள். வலக்கைப் பழக்கமுள்ள புதியவர்களில் இதற்கு ஆளாகாதவரைக் காண்பது அரிது.

வலப்புறம் போகும் பந்துக்கு இடப்புறம் குறிவைப்பதே மருந்து என்று கருதி அவ்வாறே நின்று அடித்தோம். வளைவு முன்னினும் மிகுந்தது. எங்களுள் ஒருவர் விலையுயர்ந்த புதிய டிரைவர் ஒன்றை வாங்கினார். பந்து அதே வளைவில் சென்று, இன்னும் சற்றுத் தொலைவிலிருந்த புதரில் விழுந்தது. மற்றொருவர் முழு வலிமையுடன் வீசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் அலுவலக நாற்காலியில் அமரவும் சிரமப்பட்டார். ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

விடை எளிய இயற்பியலில் இருந்தது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்நேரத்தில் மட்டையின் முகம் எத்திசையை நோக்கியிருக்கிறதோ, பெரும்பாலும் அத்திசையிலேயே பந்து புறப்படும். மட்டை வீசப்படும் பாதைக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் முக்கால் பங்குக்குக் குறையாமல் முகமே தீர்மானிக்கிறது. பாதை ஒரு திசையிலும் முகம் வேறொரு திசையிலும் இருந்தால், அந்த வேறுபாடு பந்தைச் சாய்வாகச் சுழலச் செய்து வளைக்கும். நாங்கள் இடப்புறம் குறிவைத்தபோது தோள்கள் இடப்புறம் திரும்பின; வீச்சின் பாதையும் அவற்றோடு இடப்புறம் சென்றது. கைகளோ பழக்கத்தால் மட்டையின் முகத்தை இலக்கை நோக்கியே வைத்திருந்தன. இரண்டுக்கும் இடையிலான கோணம் அகன்றது. மருந்து என்று நினைத்ததே நோயை வளர்த்தது.

இதனைப் புரியவைத்த பயிற்சியாளர் முதலில் எங்கள் பிடியைத்தான் மாற்றினார். மட்டையைப் பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் முட்டிகளில் இரண்டேனும் கண்ணில் பட வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் மடிப்பு வலத்தோளை நோக்கியிருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு முட்டிதான் தெரிந்தது. அப்படிப் பிடித்தால் பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் வலப்புறம் திறந்தே நிற்கும். பிடியின் இறுக்கமும் பெருங்குற்றம். பேனாவை அழுத்திப் பிடித்தால் கையெழுத்து கோணி, காசோலை திரும்பிவிடும் என்பதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய எங்களுக்கு இது விளங்கக் கடினமாக இல்லை. கைக்கு வந்துசேரத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்தது நிற்கும் முறை. இலக்கை நோக்கிப் பாதங்களைத் திருப்புவது பலரும் செய்யும் பிழை. தண்டவாளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்க: ஒரு கம்பி பந்திலிருந்து இலக்குவரை செல்கிறது, மற்றொரு கம்பியின்மேல் நம் பாதங்கள் நிற்கின்றன. இவை இணையாகவே செல்ல வேண்டும், எங்கும் சேரக்கூடாது. இரு மட்டைகளைத் தரையில் கிடத்திப் பார்த்தால் போதும். தொலைவிலுள்ள கொடியை நோக்கிக் குறிவைப்பதும் கடினம். ஜாக் நிக்லாஸ் கடைப்பிடித்த முறை நமக்கும் ஏற்றது: பந்துக்கும் கொடிக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில், பந்துக்குச் சில அடி முன்னே ஓர் உலர்ந்த இலையையோ நிறம் மாறிய புல்லையோ தேர்ந்தெடுத்து, மட்டையின் முகத்தை அதற்கு நேராக வைத்தல். கீழ்வீச்சு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். தோள் முந்திக்கொண்டால் மட்டை வெளிப்புறமிருந்து உள்நோக்கி வெட்டும். பந்துக்கு வெளிப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளி ஒரு வெற்று அட்டைப்பெட்டியை வைத்து அரை வேகத்தில் அடித்துப் பழகினோம். பெட்டி உதைபட்ட ஒவ்வொரு முறையும் தவறு எங்கே என்று தெரிந்தது.

நேராக அடிப்பதன் மதிப்பைத் தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தைப் போல உணர்த்தும் இடம் நாட்டில் வேறு உண்டா என்பது ஐயமே. பழைய கல்லறை மாடங்களும் மயில்களும் உள்ள அந்த மைதானத்தில் ஃபேர்வே எனப்படும் புல்வழிகள் குறுகலானவை, இருமருங்கிலும் புதர்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களும் இங்கே டிரைவரைப் பைக்குள்ளேயே விட்டுவைத்து, தொலைவு குறைந்தாலும் நேராகச் செல்லும் மட்டையை எடுப்பதுண்டு. 2008ஆம் ஆண்டு இங்கு நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. 1829இல் தொடங்கப்பெற்று, பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானதாக விளங்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த பணியாளரின் மகன் அவர். பந்தை நெடுந்தொலைவு அடிப்பவர் என்று எவரும் அவரைச் சொன்னதில்லை. 2016இல் இதே மைதானத்தில் இந்திய ஓபன் பட்டத்தையும் வென்றார்.

இதுவரை கூறியது பாதி ஆட்டமே. 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில், ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டிங்குக்கு, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கு என ஒதுக்கப்பட்டுள்ளன. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பத்தடித் தொலைவிலிருந்து நடுக்குழியை நோக்கி உருட்டும்போது பட்டரின் முகம் ஒரு பாகை விலகினால், பந்தின் மையம் குழியின் விளிம்புக்குப் போய்விடும். மூன்றடியிலிருந்து என்றால் மூன்று பாகைவரை மன்னிப்பு உண்டு. ஆயினும் மூன்றடியில் தவறவிடுகிறோம். அது கையின் குற்றம் என்பதைவிட, பந்து விழுகிறதா என்று தலை முந்திக்கொண்டு நிமிர்வதன் குற்றம் என்பது எங்கள் அனுபவம்.

பட்டிங்கில் மணிக்கட்டு அசையலாகாது. தோள்கள் இரண்டும் ஊஞ்சலைப் போல ஆட வேண்டும். கண்கள் பந்துக்கு நேர்மேலே அல்லது சற்று உட்புறம் இருத்தல் நலம். வேகத்தையும் மறக்கலாகாது: விரைந்து வரும் பந்துக்குக் குழி சிறுத்துவிடும், குழியைத் தாண்டினால் ஓரடியில் நிற்கும் வேகம் போதும். பெர்முடா புல் உள்ள கிரீன்களில் புல் சாய்ந்திருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து விரைந்தோடும். கருமையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தயங்கும்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிநாள் ஆட்டத்தைக் காலையிலேயே தொலைக்காட்சியில் பார்த்த பலரும் கோல்ஃபின் விதிகளை அன்றுதான் கேட்டறிந்தனர். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் பந்தைக் குறைந்த தொலைவே அடித்தார். அவருடைய பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். உடன் ஆடியவர்கள் அவரைத் தாண்டி வெகுதொலைவு அடித்தபோதும், நேர்த்தியினாலும் பட்டிங்கினாலும் நான்கு நாள்களும் பதக்க வரிசையை ஒட்டியே இருந்தார். கடைசிக் குழியில் அவர் உருட்டிய பந்து உள்ளே விழவில்லை. அவர் எடுத்தவை 269 அடிகள். வெண்கலம் பெற்றவர் எடுத்தவை 268.

மைதானத்துக்குச் செல்ல இயலாத நாள்களில் இரவுணவுக்குப் பின் வீட்டுக்கூடமே எங்களுக்குப் பயிற்சித் திடல். தரையில் பதித்த ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடு அளவெடுத்தாற்போல நேரானது. பந்தை அக்கோட்டின்மேல் வைத்து, பட்டரின் முகத்தைக் குறுக்குக் கோட்டோடு பொருத்தி, ஆறடிக்கு அப்பால் கவிழ்த்த தம்ளரை நோக்கி உருட்டுகிறோம். தொடக்கத்தில் இருபதில் ஆறோ ஏழோ பட்டன. இப்போது பதினைந்துக்குக் குறைவதில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருமுறை மேலே வந்து, பத்து மணிக்குமேல் தம்ளருக்குப் பதில் துணிப்பை ஒன்றை வைக்குமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்து வருகிறோம்.