கழன்ற படச்சட்டத்தை ஒட்ட எந்தக் கிளாம்ப் வாங்கலாம்?

தோட்டத்து லயத்தை விட்டு ஈப்போ தாமான்களுக்குக் குடிவந்த நம் குடும்பங்கள் பல, சாமி படத்தோடு தாத்தா பாட்டி படத்தையும் பத்திரமாகக் கொண்டு வந்தன. நம் ஊர் ஈரக் காற்றில் மரம் ஊதிச் சுருங்கும்போது அந்தப் படங்களின் சட்டங்கள் மூலையில் வாய் பிளக்கின்றன. கண்ணாடி நழுவி விழுந்தால் படமும் கிழியும். பல வீடுகளில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

இடைவெளியைக் கண்டதும் ஆணி அடிக்காதீர்கள். காய்ந்த பழைய மரம் பிளந்துவிடும். முதலில் படத்தை வெளியே எடுங்கள். அது கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், படக்கடையில் காட்டுங்கள். பிறகு மூலைகளைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மரப்பசை தடவி இறுக்க வேண்டும். பசை வழுக்கும் என்பதால் கையால் பிடித்தால் போதாது. அதற்குத்தான் கிளாம்ப்.

ஹார்ட்வேர் கடையில் கேட்டால் பல வகை கிடைக்கும்.

மூலைக் கிளாம்ப்: இரண்டு சட்டங்களைச் செங்கோணத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மூலைதான். சட்டத்தில் எட்டு வெட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், ஒவ்வொரு மூலையாக ஒட்டி வரும்போது கடைசி மூலையில் நான்கு டிகிரி இடைவெளி நிற்கும்.

பெல்ட் கிளாம்ப்: சட்டத்தைச் சுற்றி நைலான் பட்டையும் நான்கு மூலைத் துண்டுகளும் இருக்கும். முறுக்கினால் நான்கு மூலையும் ஒன்றாக நெருங்கும். சின்னப் படம், பெரிய படம் இரண்டுக்கும் இது ஒன்றே போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

ஸ்பிரிங் கிளாம்ப்: கூரான முனையுள்ள கம்பி வளையம். சின்னச் சட்டத்துக்கு எளிது. ஆனால் மரத்தில் குத்திய தடம் விழும். பாலிஷ் போட்ட பழைய சட்டத்துக்கு ஆகாது.

ஜி கிளாம்ப்: நேராக அழுத்துவதால் சாய்வாக வெட்டிய மூலையை வழுக்கச் செய்யும். இந்த வேலைக்குத் தவிர்க்கலாம்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, சட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். மூலையில் அட்டை வைத்தால் மரம் நசுங்காது.

இறுக்கியதும் குறுக்கே இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரமாக நிற்கும். மெல்லிய கோடாகப் பசை வெளிவந்தால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே பசையே மிஞ்சாது. ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோணல் வெட்டை எந்தக் கிளாம்பும் நேராக்காது. இறுக்கி மூடினாலும், கழற்றிய பின் மூலை மறுபடி பிளக்கும்.

சட்டம் மக்கியிருந்தால் பால்மரக் கட்டையில் புதிதாகச் செய்யலாம். 1877இல் கோலகங்சாரில் கன்றாக நட்ட அதே மரம்தான். ஒரு காலத்தில் விறகாக எரிந்தது, இன்று தளவாடப் பொருளாக ஏற்றுமதியாகிறது. மருந்தேற்றி உலர்த்திய கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையேல் பூச்சி அரிக்கும். வெட்டு முனை பசையை உறிஞ்சும் என்பதால் முதலில் லேசாகத் தடவி, சில நிமிடம் கழித்து இன்னொரு முறை தடவுங்கள்.

பாட்டி பால் வெட்டிய மரமே அவர் படத்தைத் தாங்கட்டும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.