நம் கதை, நம் கோடு, நம் அச்சு: புறநகர் இளைஞர்கள் சித்திரக்கதை வெளியிடுவது எப்படி?

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழுக்கு நான்கே பக்கங்கள். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்ட வார இதழுக்கோ அதன் விலையே பெயராயிற்று: ‘ஒரு பைசாத் தமிழன்’. தம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுக்குத் தாமே மறுமொழி தர வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தவை இவ்விதழ்கள். எழுத்தில் இவ்வழி திறந்து நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. சித்திரக்கதையில் நாம் இன்னும் தொடக்கத்திலேயே நிற்கிறோம்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளின் கல்லூரிகளில் பயிலும் தலித் மாணவர்களிடையே வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பலருடைய ஓவியங்கள் கைபேசித் திரையோடு நின்றுவிடுகின்றன. அவற்றை அச்சிட்ட இதழாக்கி மக்கள் கையில் சேர்க்கும் வழியையும், அது ஏன் அரசியல் பணி என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

யார் வரைகிறார்கள்?

தமிழில் சித்திரக்கதை வாசிப்புக்கு நீண்ட மரபு உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. ஆயினும் அவற்றில் நாம் படித்தவை பெரும்பாலும் ஐரோப்பியச் சாகசக் கதைகளின் தமிழாக்கங்களே. சேரியும் புறநகரும் அவற்றின் கதைக்களமாக இருந்ததில்லை.

அண்ணல் அம்பேத்கரையும் நீண்ட காலம் பிறரே வரைந்தனர். 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரத்தில், நத்தையின் மீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, அவர் பின்னால் நேரு சாட்டையுடன் நிற்கிறார். பல்லாண்டுகளுக்குப் பின் அது என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பியபோது, ‘நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள்’ என்ற ஏளனமும் எழுந்தது. அம்பேத்கரைக் குறித்து அக்காலப் பத்திரிகைகளில் வெளியான நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம சுந்தர் தொகுத்து 2019இல் நூலாக்கினார். ஒரு தலைவரின் உருவத்தைச் சாதியப் பார்வை எவ்வாறு சிறுமைப்படுத்தியது என்பதற்கு அந்நூல் ஆவணமாக நிற்கிறது.

இக்கேள்வி நம் புறநகருக்கும் உரியது. சென்னை நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தலித் மக்கள் மிகுதி. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ளன. 2020இல் அங்குள்ள அடுக்ககச் சுவர்களில் வெளியிலிருந்து வந்த ஓவியர்கள் பெரும் வண்ண ஓவியங்களைத் தீட்டினர். அவை பகுதிக்குப் பொலிவு தந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட நாளையும், பள்ளி மாறியதால் படிப்பு நின்ற தங்கையையும் அங்கு வாழ்பவர்தான் வரைய முடியும்.

முன்னோடிகள்

இயக்கத்தின் கருவியாகச் சித்திரக்கதை பயன்பட்டதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் உண்டு. மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை விளக்கும் 16 பக்கச் சித்திரக்கதை ஒன்றை 1957இல் ஓர் அமைதி இயக்கம் பத்து சென்ட் விலையில் வெளியிட்டது. போராட்டக் கதையோடு, அறவழிப் போராட்டத்தை நடத்தும் முறையையும் அது கற்பித்தது. மாணவப் பருவத்தில் அதை அறிந்த ஜான் லூயிஸ், பின்னாளில் தம் போராட்ட வாழ்வை ‘மார்ச்’ என்ற மூன்று தொகுதிச் சித்திர நூலாக்கினார்.

இந்தியாவில் 2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’, ஓவியர் கற்க வேண்டிய பாடம் ஒன்றைத் தருகிறது. அதை வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பர்தான் கோண்டு பழங்குடியினர். மாந்தர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்தனர். தம் வீட்டுச் சுவர்க்கோல வடிவங்களாலேயே பக்கங்களைப் பிரித்தனர். அன்பான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழ். நஞ்சுள்ள சொல்லுக்குத் தேளின் கொடுக்கு. ஜப்பானியப் பாணியையோ அமெரிக்கப் பாணியையோ பார்த்துப் பழகுவதில் தவறில்லை. ஆனால் நம் தெருவின் சுவரெழுத்தும், பறையின் வளைவும், வாசற்கோலமும் நமக்குரிய வடிவங்களைத் தரக்கூடும்.

நான்கு கட்டத்திலிருந்து பதினாறு பக்கத்திற்கு

முதல் முயற்சியிலேயே இருநூறு பக்கக் காவியம் வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் முடிப்பதில்லை. தில்லியைச் சேர்ந்த சரத் சர்மாவின் ‘வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா’ பரப்பிய முறை எளியது. இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி, அதில் நான்கு கட்டங்களில் ஒரு கதை. பின் அதை நகலெடுத்துத் தேநீர்க்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவது. சிக்கல், அதன் வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று நான்கு கட்டங்களில் சொல்லப் பழகுபவர் கதைக்கட்டின் அடிப்படையைக் கற்றுவிடுகிறார்.

அடுத்தது எட்டுப் பக்கக் குறு இதழ். ஓர் ஏ4 தாளை மும்முறை மடித்து விரித்து, நடுமடிப்பில் ஒரு வெட்டு கொடுத்தால், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாளே சிற்றேடாகிவிடும்.

மூன்றாவது, 16 பக்க ஏ5 இதழ். இதற்கு நான்கு ஏ4 தாள்கள் போதும். இருபுறமும் நகலெடுத்து, நடுவில் மடித்து, இரண்டு பின் அடிக்க வேண்டும். 100 பிரதிகளுக்கு 400 தாள்கள். ஒரு ரீமுக்குள் அடங்கிவிடும். பக்க வரிசையில் குழப்பம் நேராதிருக்க ஒரு கணக்கு உண்டு: விரித்த தாளில் அருகருகே வரும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும். 16உம் 1உம் ஒருபுறம், அதன் பின்புறம் 2உம் 15உம்.

ஏ4 அளவில் வரைந்து ஏ5 ஆகச் சுருக்கினால் கோடுகள் செறிவாகத் தெரியும். அப்போது அனைத்தும் 71 விழுக்காடாகக் குறையுமாதலால் எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எனவே முதலில் வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைவதே நல்லது. மைக்கோட்டு ஓவியத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் நகலில் கோடு உடையாது.

கறுப்புத் தோலை வரைவதில் தனிக் கவனம் தேவை. நம் கண்ணில் பதிந்துள்ள கேலிச்சித்திர மரபு, கறுத்தவரை அடியாளாகவோ கோமாளியாகவோ மட்டுமே காட்டியது. அந்த வார்ப்பைத் தவிர்க்க, அன்றாடம் பார்க்கும் முகங்களை நேரில் பார்த்து வரைந்து பழகுவதே வழி. வன்கொடுமையை மட்டுமே வரைவதும் குறையாகும். தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராகப் பதவியேற்றவர் அப்போது 25 வயதான தலித் பெண் என்பதும் நம் காலத்தின் கதைதான். சிரிப்பும் காதலும் கால்பந்தும் நம் மக்களுக்கு உரியவையே.

உரிமையும் பொறுப்பும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானவுடனேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமன்று. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு ஒருவருக்காக வரையும் ஓவியத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், பணம் தந்தவருக்கே சென்றுவிடக்கூடும். தொண்டு நிறுவனங்களுக்கு வரைந்து தரும் மாணவர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உரிமை மாற்றம் எழுத்து வடிவில் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலவரையறை குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுகளே.

தனி நூலாக வெளியிட்டால் ஐ.எஸ்.பி.என். எண்ணை ஒன்றிய அரசின் முகமையிடம் கட்டணமின்றிப் பெறலாம். பொதுச் செய்திகளையும் அவை பற்றிய கருத்துகளையும் தாங்கிக் குறித்த இடைவெளியில் வரும் பருவ இதழானால், 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவை.

உண்மை வன்கொடுமைகளை வரையும்போது கடமை கூடுகிறது. பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடுக்கிறது. குழந்தைகளுக்கு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு உண்டு. பெயரை மாற்றி, முகத்தை அப்படியே வரைந்தால் மறைத்ததாகாது. வீடும் தெருவும்கூட அடையாளம் காட்டும். சட்டத்திற்கும் அப்பால், பாதிக்கப்பட்டோரின் ஒப்புதலின்றி அவர்தம் துயரை நம் படைப்பாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

வாசகரை அடைதல்

முதல் 100 பிரதிகளுக்குக் கடை தேட வேண்டியதில்லை. ஏப்ரல் 14, டிசம்பர் 6 நிகழ்ச்சிகள், இரவுப் பாடசாலைகள், கல்லூரி வாசல்கள், தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிய தேநீர்க்கடைகள் ஆகியவை நம் விற்பனைக் களங்கள். விலையை நகலெடுக்கும் செலவோடு ஒட்டி வைத்து, விற்ற பணத்தை அடுத்த இதழுக்கு ஒதுக்கினால் தொடர்ச்சி கிட்டும். எழுதுபவர், வரைபவர், அச்சுக்கணக்கு பார்ப்பவர் என மூவர் கூடினால் பணி எளிதாகும். கதையில் இடம்பெறும் பகுதியின் மக்களிடம் அச்சுக்கு முன் படித்துக்காட்டுவது சிறந்த திருத்த முறை. எங்கு பொய்யாக ஒலிக்கிறது என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

எதிர்வரும் ஏப்ரல் 14க்குள் ஒவ்வொரு வாசகர் வட்டமும் எட்டுப் பக்க இதழ் ஒன்றையேனும் கொண்டுவர முடியும். அதற்கு வேண்டியவை ஒரு பேனா, ஓர் ஏ4 தாள், அருகிலுள்ள ஜெராக்ஸ் கடை.