பெங்களூரு பஸ்ஸின் பெர்மிட்டுக்குள் ஒரு எட்டு!

திருச்சி பஞ்சப்பூரில் ராத்திரி நிற்கிற பெங்களூரு பஸ்ஸை நாம் ஜன்னலோர சீட்டுக்காக மட்டும்தான் பார்க்கிறோம். அதன் காகிதங்களைப் பார்க்க வேண்டுமே! ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ்... நடுவில் பெர்மிட். அதுதான் கதாநாயகன்!

நம்மூரிலிருந்து வெளிநாட்டுக்கு பஸ் கிடையாது, விமானம்தான். ஆனால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழையவே இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு பெர்மிட் கர்நாடகத்தில் செல்ல, அங்குள்ள அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவு. இரு மாநிலங்களும் எத்தனை பெர்மிட் என்று ஒப்பந்தம் போடுவதற்கு முன், அந்த யோசனை அரசிதழிலும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வர வேண்டும். அரசிதழில் வந்து 30 நாளாவது கழிந்த பிறகே ஆட்சேபங்களை எடுத்துப் பார்க்கலாம். ஒரு பஸ்ஸுக்கு எவ்வளவு மரியாதை!

இன்னும் ருசியானது 70-வது பிரிவு. ரூட் பஸ் பெர்மிட் கேட்கிறவர் எந்த ரூட், எத்தனை டிரிப், என்ன டைம் என்று மட்டும் எழுதினால் போதாது. வழக்கமான பஸ் படுத்துவிட்டால் எடுக்க எத்தனை ஸ்பேர் பஸ்? ராத்திரி எங்கே நிறுத்தி, எங்கே ரிப்பேர் பார்ப்பீர்கள்? பயணிகளின் வசதிக்கு என்ன ஏற்பாடு? அவர்கள் மூட்டை முடிச்சை எப்படிப் பத்திரமாக வைப்பீர்கள்? எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்திலேயே பதில் வேண்டும். நம் பெட்டியைப் பற்றிச் சட்டம் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது என்பதைப் படித்தபோது துள்ளிவிட்டேன்!

ரூட் பஸ்ஸுக்கும் கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட்டில் ஓடும் ஆம்னிக்கும் உயிரான வித்தியாசமும் இந்த டைமில்தான். ரூட் பஸ்ஸின் டைம் பெர்மிட்டோடு கட்டிய டைம். நாலே பேர் ஏறியிருந்தாலும், டைம் கீப்பர் விசில் கொடுத்தால் வண்டி நகர வேண்டும். எனக்கு இதைவிட அழகான விதி கிடையாது.

ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸும் ரூட் பஸ் குடும்பம்தான். ஊர் எல்லைக்குள் குறித்த ஸ்டாப்பில் மட்டுமே ஏற்றி இறக்கலாம் என்று பெர்மிட்டில் நிபந்தனை போட 72-வது பிரிவு இடம் தருகிறது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் 'இங்கேயே இறக்கிவிடுங்கண்ணே' என்றால் கண்டக்டர் தலையாட்டி மறுக்கிறாரே, அவரைக் கோபிக்காதீர்கள்!

மாநிலம் தாண்டத்தான் இவ்வளவு என்றில்லை, நாடு தாண்டவும் அப்படித்தான். 1999-இல் டில்லி–லாகூர் பஸ்ஸும் 2014-இல் டில்லி–காத்மாண்டு பஸ்ஸும் கிளம்பியதும் அரசுக்கு அரசு செய்த ஏற்பாட்டில்தான். ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓடும் ரூட் பஸ்ஸுக்கு அனுமதி அதிகபட்சம் 5 வருஷம். நம்ம பெர்மிட்டுக்கும் 5 வருஷம்தான்!

கட்டணப் பட்டியலையும் டைம் டேபிளையும் வண்டியில் ஒட்டச் சொல்லும் நிபந்தனையும் அதே 72-வது பிரிவில் இருக்கிறது. ஏறியதும் தேடிப் பாருங்கள். காணவில்லையென்றால் கண்டக்டரிடம் கேளுங்கள்.