உயரம் அறிந்து ஓட்டுவோம்

பினாங்குக் கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயர் ஈத்தாம். இத்தகைய ஊர்களில் ஏற்ற இறக்கமான சாலைகளும் சாலையின்மேல் சாய்ந்த மரக்கிளைகளும் உண்டு. மகிழுந்தின் பின்னால் உயரமான முகாம் வண்டியை இழுத்துச் செல்வோர் மேலேயுள்ள தடைகளையும் கவனிக்க வேண்டும். மகிழுந்து எளிதில் நுழையும் இடத்தில், பின்னால் வரும் வண்டி இடித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 1940-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரயில் பாலத்தின் கீழ் 11 அடி 8 அங்குல இடைவெளியே இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் பல கனவுந்துகளின் கூரைகள் அதில் மோதிக் கிழிந்தன. 2019-இல் பாலம் 8 அங்குலம் உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் மோதல்கள் நிற்கவில்லை. தம் வண்டியின் உயரத்தை அறியாதவருக்கு அறிவிப்புப் பலகை பயன்படாது.

எனவே, கூரையிலுள்ள குளிரூட்டி, அலைவாங்கி ஆகியவற்றையும் சேர்த்துத் தரையிலிருந்து வண்டியின் உச்சிவரை அளக்க வேண்டும். அந்த அளவை மீட்டரில் எழுதி, ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டுவது நன்று. சாலைக்குப் புதிதாகத் தார் இட்டால் பாலத்தின் கீழுள்ள இடைவெளி குறையும் என்பதையும் மறக்கலாகாது. ஐயம் எழுந்தால், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி இறங்கிப் பார்ப்பதே அறிவுடைமை.